பல்சுவை மேடையும் நம் மதிப்பீடும்

(பொங்கல் விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

இப்பேச்சு எப்பொழுது முடியும், மாயாஜாலம் எப்பொழுது தொடங்கும் என்று முன்வரிசையில் காத்திருக்கும் குழந்தைச் செல்வங்களே!

யாம் இலக்கியம் கற்றுத் துறைபோயவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, கோப்புகளோடு நாளைக் கழிப்பவர்களுள் ஒருவர். எழுத்தனுக்குக் கலைத் திறனாய்வு எதற்கு என்று சிலர் நினைத்தல் கூடும். இசைக்கும் நடனத்திற்கும் அஞ்சாமல் விமரிசனம் எழுதிப் பெரும் வித்துவான்களையும் கலங்க வைத்த சுப்புடு அவர்களும் அரசாங்க அலுவலகத்தில் பணியாற்றியவரே. பர்மாவிலிருந்து வந்து தில்லியில் வாழ்ந்த புலம்பெயர்ந்த தமிழரே. அவர் 2007-இல் மறைந்தார். அவர் புலமை எமக்கு இல்லை. அலுவலக நாற்காலி மட்டும் உண்டு. அந்த ஒற்றுமையைத் துணையாகக் கொண்டு பேசத் துணிந்தோம்.

எடுத்துக்கொண்ட பொருள் பல்சுவைக் கலைஞர்களைப் பற்றியது. பல்குரல் பேசுவோர், விகடம் செய்வோர், கண்கட்டு வித்தை காட்டுவோர், பொம்மையை மடியில் வைத்து உதடு அசையாமல் பேசுவோர், ஒற்றைச் சக்கரத்தில் ஏறிப் பந்து எறிந்து பிடிப்போர் ஆகிய எல்லோரையும் சேர்த்தே சொல்லுகிறோம். இவர்களைப் பற்றி நாம் என்ன எழுதுகிறோம், என்ன பேசுகிறோம் என்பதே கேள்வி.

சங்கங்கள் பலவற்றின் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டிப் பாருங்கள். நாடகம் நடந்தால் இரண்டு பக்கம் வரும். கதைத் தலைவனாக நடித்தவர், பெண் வேடம் தாங்கியவர், ஒப்பனை செய்தவர் முதல் திரை இழுத்தவர் வரை பெயர்கள் வரும். கச்சேரி நடந்தால் இராகங்களின் பட்டியல் வரும். பல்சுவைக்கு வருவது ஒரே வரி: “இறுதியில் பல்சுவை நிகழ்ச்சியும் நடைபெற்றது.” அந்த ‘உம்’ என்னும் இடைச்சொல்லைக் கவனியுங்கள்! சாப்பாட்டுப் பந்தியில் ஊறுகாயும் இருந்தது என்பது போன்ற ‘உம்’ அது.

இசைக்குக் கல்கி இருந்தார். ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் அவர் எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதியைப் படித்துக் கச்சேரி கேட்கக் கற்றுக்கொண்ட குடும்பங்கள் ஆயிரம். விகடக் கச்சேரிக்காரனுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அவனுக்குக் கிடைத்தவை இரண்டே தீர்ப்புகள்: கைதட்டல், அல்லது கொட்டாவி. அவை இரண்டும் அன்றிரவே காற்றில் கரைந்துவிடுகின்றன.

இவ்வகைக் கலைஞர்கள் நேற்று முளைத்தவர்கள் அல்லர். குறுந்தொகையின் 7-ஆம் பாட்டில், காற்றில் அசைந்து ஒலிக்கும் வாகை நெற்றுக்குக் கயிற்றின்மேல் ஆடும் கூத்தருடைய பறையொலி உவமையாகிறது. பாலை வழியின் கடுமையைக் காட்டப் புகுந்த புலவனுக்குக் கழைக்கூத்தாடியின் பறை நினைவுக்கு வருகிறது என்றால், அக்காட்சி கேட்போர் அனைவருக்கும் பழகியதாக இருந்திருக்க வேண்டும் அன்றோ?

நாம் குடியேறி வாழும் இந்த மலையாள நாடோ இவ்வகையில் நமக்குப் பாடம் சொல்லத் தக்கது. சாக்கியார் கூத்தைக் கண்டவர் இங்குப் பலர் இருப்பீர்கள். புராணக் கதையைச் சொல்லிக்கொண்டே, எதிரில் அமர்ந்திருப்பவர் யாராயினும் அவரைக் கதைக்குள் இழுத்து ஏளனம் செய்யும் உரிமை சாக்கியாருக்கு உண்டு. அரசனே ஆயினும் வாய் திறத்தல் ஆகாது. கேட்பவர் சினந்து எழுந்தால் சாக்கியார் தலைப்பாகையைக் கழற்றிவிட்டுக் கூத்தை நிறுத்திவிடுவார் என்பது மரபு. கோயிற் கூத்தம்பலத்துக்குள்ளேயே அடைபட்டிருந்த அக்கூத்தைப் பைங்குளம் இராம சாக்கியார் 1949-இல் வெளியே கொணர்ந்தார். குஞ்சன் நம்பியார் கதையும் நீங்கள் அறிந்ததே. மிழாவு கொட்டும்போது கண்ணயர்ந்துவிட்டாராம். சாக்கியார் அவையறியக் கேலி செய்தாராம். மறுநாளே துள்ளல் என்ற புதுக்கூத்தை உண்டாக்கி எதிரில் நின்று ஆடினாராம். வரலாறோ கர்ணபரம்பரையோ, நமக்கு இனிக்கும் செய்தி ஒன்று அதில் உண்டு: ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்கு எழுதிய கடுமையான விமரிசனத்திலிருந்து புதிய கலையே பிறந்தது என்று இந்நாட்டார் நம்புகிறார்கள்.

இது நிற்க. மேல்நாட்டில் இக்கலை பெருந்தொழிலாக வளர்ந்த கதையைச் சிறிது சொல்ல விரும்புகிறோம். அமெரிக்காவில் ‘வாடெவில்’ என்ற பெயரில் பல்சுவை அரங்குகள் 1880-களிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓங்கி நின்றன. ஓர் இரவில் எட்டு ஒன்பது உருப்படிகள் நடைபெறும். பாட்டு, நடனம், விகடம், கழைக்கூத்து, பழக்கிய நாய், மந்திரவாதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் கதைத் தொடர்பு இராது. எந்த உருப்படி எந்த இடத்தில் வரவேண்டும் என்பதற்கு அவர்கள் வகுத்த முறை நம் விழாச் செயலாளர்கள் அறிய வேண்டியது. முதல் உருப்படி பேச்சில்லாத வித்தையாக இருக்கும். ஏன்? மக்கள் அப்பொழுதுதான் வந்து இருக்கை தேடி அமர்வார்கள். பேச்சு காதில் விழாது. இறுதி உருப்படியும் பேச்சில்லாததே; மக்கள் எழுந்து போகத் தொடங்கும் நேரம் அது. மிகச் சிறந்த கலைஞருக்கு உரிய இடம் கடைசிக்கு முந்தியது.

கீத் என்பவருடைய அரங்குகளில் இன்னொரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு ஊரின் மேலாளரும் அந்த வாரத்து உருப்படிகளை முதல் நாளே உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொன்றையும் பற்றித் தலைமையகத்துக்கு அறிக்கை எழுதியாக வேண்டும்: எத்தனை நிமிடம், மக்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே சோர்ந்தார்கள், எந்தச் சொல்லை நீக்கச் சொன்னோம் என்றெல்லாம். அவ்வறிக்கைகளில் பல இன்றும் அயோவாப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அறிக்கை எழுதுவதே பிழைப்பாகக் கொண்ட எம் போன்றோருக்கு இச்செய்தி தரும் மகிழ்ச்சியை மறைப்பானேன்! அவற்றின் நோக்கம் வியாபாரமே; கலைஞனின் கூலி அவற்றைப் பார்த்தே ஏறியது, இறங்கியது. ஆயினும் வித்தையை முழுதும் பார்த்து, இன்னது நன்று, இன்னது தீது என்று பிரித்து எழுதினார்கள்.

வியாபாரத்துக்கு வளையாத விமரிசகரும் அங்குத் தோன்றினார். சைம் சில்வர்மன் என்பவர் நியூயார்க் நாளேடு ஒன்றில் எழுதி வந்தார். ஓர் உருப்படி நன்றாக இல்லை என்று எழுதினார். அக்கலைஞர் தரவிருந்த விளம்பரம் போய்விட்டது. சைமின் வேலையும் போய்விட்டது. அவர் கடன் வாங்கி 1905 டிசம்பரில் ‘வெரைட்டி’ என்ற வார ஏட்டைத் தொடங்கினார். புதிய உருப்படிகளைப் பற்றிய விமரிசனமே அவ்வேட்டின் உயிர். இன்னும் சுவையான செய்தி ஒன்று உண்டு. அவருடைய மகன் ஏழு வயதுச் சிறுவன். ‘ஸ்கிகி’ என்ற பெயரில் அதே ஏட்டில் அவனும் விமரிசனம் எழுதினான். பிடித்தது என்றால் பிடித்தது, தூக்கம் வந்தது என்றால் தூக்கம் வந்தது. அதற்கு மேல் மழுப்பல் இல்லை. நம் காலனியிலும் அத்தகைய விமரிசகர் முன்வரிசையில் இருபது பேர் இருக்கிறார்கள். அவர்கள் கருத்தை நாம் கேட்பதில்லை. “சத்தம் போடாதே” என்று மட்டும் சொல்லுகிறோம்.

அவ்வாடெவில் மேடையில் கறையும் இருந்தது. புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய அயர்லாந்தாரை, யூதரை, ஜெர்மானியரைப் பேச்சுக் கொச்சையால் கேலி செய்வதே பலருடைய முதலாக இருந்தது. அயர்லாந்து வேலைக்காரிகளாக வேடமிட்டு ஆடிய ரஸ்ஸல் சகோதரர்கள் 1907-இல் அயர்லாந்துச் சங்கத்தாரின் கடும் எதிர்ப்புக்கு ஆளானார்கள். மேடையை நோக்கி முட்டைகள் பறந்தன. பெர்ட் வில்லியம்ஸ் என்ற மாபெரும் நகைச்சுவைக் கலைஞர் பிறப்பால் கறுப்பினத்தவர். அவரும் முகத்தில் கரி பூசிக்கொண்டுதான் மேடையேற நேர்ந்தது. பின்னர்ப் பேசும் படமும் வானொலியும் வந்தன. 1932-இல் நியூயார்க்கின் பாலஸ் அரங்கமே படக்காட்சிக்கு மாறிற்று.

நம் பக்கம் திரும்புவோம். தமிழ் நாடக மேடையில் பபூன் என்று ஒருவர் உண்டு. ஸ்பெஷல் நாடகத்தில் இராஜபார்ட் வருவதற்கு முன் களம் இறங்கி, கூட்டத்தை அமர வைத்து, தூங்குபவனை எழுப்பி, இரவு முழுவதும் நாடகத்தைத் தாங்கிப் பிடிப்பவர் அவரே. கற்றோர் அவரைக் கொச்சை என்று ஒதுக்கினார்கள். கொச்சை இருந்ததும் உண்மை. அந்த ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்து எழுந்தவர்தாம் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். 1908-இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். அந்நாளில் நாகர்கோவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. எனவே இத்தலைநகருக்கும் அவர்மீது பாத்தியதை உண்டு. வில்லுப்பாட்டில் ஊறி, டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவில் வளர்ந்து, திரைப்படத்துக்குப் போன பின்னும் தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே அமைத்துக்கொண்டார். நந்தனார் காலட்சேபத்தின் அமைப்பை எடுத்துப் படிப்புக்கு ஏங்கும் சிறுவனின் கதையாக மாற்றிய ‘கிந்தனார்’, 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்தில் இடம்பெற்றது. இருபது நிமிட உருப்படி இரண்டரை மணி நேர நாடகத்துக்கு இளைத்ததன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 1957-இல் அவர் மறைந்தபோது தமிழகம் அழுதது. ஆனால் அவர் எப்படிச் சிரிக்க வைத்தார் என்ற நுட்பத்தைப் பற்றி எழுதப்பட்டவை, அவருடைய கொடையைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பத்தில் ஒரு பங்குகூட இரா என்பது எம் எண்ணம்.

கேரளத்தில் பல்குரல் கலை அடைந்த ஏற்றம் வியக்கத்தக்கது. கொச்சிக் கலாபவனைச் சேர்ந்த அறுவர் 1981-இல் ‘மிமிக்ஸ் பரேட்’ என்று கூட்டாக மேடையேறினார்கள். அவர்களுள் இருவரான சித்திக்கும் லாலும் பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநர்கள் ஆயினர். அதே கலாபவன் மேடையிலிருந்து 1988-இல் படவுலகுக்குப் போனவர் ஜெயராம். தெலுங்கு நாட்டில் நேரெள்ள வேணுமாதவ் இக்கலைக்காகவே 2001-இல் பத்மஸ்ரீ பெற்றார். பள்ளிக் கலோத்சவத்திலோ மிமிக்ரி ஒரு போட்டி. 2025 ஜனவரியில் நம் திருவனந்தபுரத்திலேயே அவ்விழா நடந்தபோது நம் பிள்ளைகள் சிலரும் பார்த்து வந்தார்கள். நடுவர்கள் தரம் கொடுக்கிறார்கள். பெற்றோர் அப்பீல் செய்கிறார்கள். அப்பீல் தொல்லைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு கலைக்கு அளவுகோல் உண்டு என்று நம்புகிறவன்தான் தீர்ப்பை எதிர்த்து மனுப் போடுவான்.

அந்த அளவுகோல் யாது? எமக்குத் தெரிந்த ஒரு துறையிலிருந்து சொல்லுகிறோம். பல்குரல் கலைஞர் பலரும் ரயில் ஓசை செய்வார்கள். பத்தில் ஒன்பது பேர் செய்வது நீராவி இஞ்சினின் ‘குப் குப்’ ஓசை. அவர்களுக்கு முப்பது வயதும் இராது. நீராவி வண்டியை நிலையத்தில் நின்று கேட்டிருக்கவே முடியாது. திருவனந்தபுரம் பாதை 1976-இல் அகலப் பாதை ஆயிற்று. நாட்டின் அகலப் பாதைகளிலும் 1990-களின் நடுவில் நீராவி ஓய்ந்துவிட்டது. அவர்கள் கேட்டது முந்திய பல்குரல்காரர் செய்த ஓசையை. அவர் கேட்டது சினிமாவை. இது நகலின் நகல். கைதட்டல் கிடைக்கும், கலை கிடையாது. தாமே காதால் கேட்டதைச் செய்கிறாரா என்பதே எம் முதல் அளவுகோல்.

ஒரு கலைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழித்துறைப் பக்கத்தவர். சில ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் ஒரு விழாவில் அவரைக் கண்டோம். எந்த அமைப்பின் விழா என்பது ஈண்டு வேண்டா. அவர் நீராவி இஞ்சினைத் தொடவே இல்லை. தம்பானூரில் காலைப் பாசஞ்சரில் ஏறி நாகர்கோவில் போய்ச் சேர்கிறார், அதுவே உருப்படி. முதலில் மலையாள அறிவிப்பு. பின்னர் மின்சார இஞ்சினின் ஊதலும், பெட்டி குலுங்கி நகரும் ஓசையும். நெய்யாற்றின்கரையில் ஏறும் பெண்கள் மலையாளத்தில் சண்டையிடுகிறார்கள். பாறசாலை வந்ததும் சண்டையின் ஓசை சற்றுத் திரிகிறது. இன்ன சொல் தமிழ், இன்ன சொல் மலையாளம் என்று பிரிக்க முடியாத அந்த விளவங்கோட்டுப் பேச்சு! குழித்துறையில் அதே சண்டை முழுத் தமிழில் நடக்கிறது. இரணியல் தாண்டும்போது இருவரும் உறவினர் என்று தெரிய வருகிறது. நாகர்கோவிலில் “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று தமிழ் அறிவிப்பு. ஏறத்தாழ பதினெட்டு நிமிடம். எவரையும் இழிவு செய்யவில்லை. இருபுறத்தாரும் தம் வீட்டுப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். நாள்தோறும் அவ்வண்டிகளின் கணக்கோடு வாழும் எமக்கு ஓசையில் ஒரு குற்றம்கூடத் தோன்றவில்லை.

அவருக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். எட்டு மணிக்கு என்று அழைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகவே, ஆறரை மணிக்கே “சற்று நேரம் ஓட்டுங்கள்” என்று மேடையில் ஏற்றினார்கள். நாற்காலிகள் இழுபடும் ஓசையில் தொடங்கினார். வண்டி பாறசாலையை நெருங்கும்போது விருந்தினர் வந்துவிட்டார், ஒரு துண்டுச் சீட்டு வந்தது, இறங்கிவிட்டார். வரவேற்பு, வாழ்த்துரை, பரிசளிப்பு எல்லாம் முடிந்து பத்தேகால் மணிக்கு மீண்டும் ஏறி, பாறசாலையிலிருந்து தொடராமல் தம்பானூரிலிருந்தே மறுபடி தொடங்கி முழுதும் செய்தார். அப்பொழுது பாதிப் பேர் உணவுப் பொட்டல வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டு அவ்வமைப்பின் மலரை அவர் கேட்டு வாங்கினார். உற்சவக் கமிட்டிகளிடம் காட்டுவதற்கு அச்சில் நாலு வரி இருந்தால் அழைப்பு வரும் என்பது அவர் கணக்கு. 2018 வெள்ளத்தில் ஒரு பருவம் போயிற்று. 2020, 2021 ஆண்டுகளில் தொற்றுநோயால் மேடையே இல்லை. அவ்வளவும் தாங்கி நின்றவர் அவர். மலரில் இருந்தது அந்த ஒரே வரிதான்: பல்சுவை நிகழ்ச்சியும் நடைபெற்றது. பெயர்கூட இல்லை.

பாராட்டாத குறையை மட்டும் சொல்லி நிறுத்துதல் நேர்மையன்று. கண்டிக்க வேண்டியதைக் கண்டிக்காமையும் அதே பிழையின் மறுபுறம். இங்குச் சில மேடைகளில் தமிழன் என்றால் அழுக்கு வேட்டி, உரத்த குரல், ‘பாண்டி’ என்ற விளி என்று ஆகிவிட்டது. நம்மவர் முகம் சுளிக்கிறார்கள், நியாயமே. ஆனால் நம் பக்கத்து மேடையில் சந்திரனுக்குப் போனாலும் அங்கே ஒரு நாயர் தேநீர்க்கடை இருக்கும் என்ற அந்தப் பழம் துணுக்கு வரும்போது நாமே விழுந்து விழுந்து சிரிக்கிறோம். பக்கத்து வீட்டு மலையாளக் குடும்பத்தையும் விழாவுக்கு அழைத்து உட்கார வைத்துக்கொண்டு சிரிக்கிறோம்! இரண்டும் ஒரே சரக்கு. நிறம், திக்குவாய், பருமன், மனைவியைத் திட்டுதல் ஆகியவை விகடமாகாமல் வசவாகவே நின்றுவிடும்போது, “இப்பகுதி வேண்டியதில்லை” என்று கலைஞரிடம் நிகழ்ச்சிக்கு முன்பே சொல்லலாம். பின்பு எழுதவும் செய்யலாம். சாக்கியார் தம் எதிரில் இருப்பவரை அவர் முகத்துக்கு நேரே கேலி செய்தார். இல்லாதவரைப் பழித்து இருப்பவரைச் சிரிக்க வைப்பதற்கு அந்தத் துணிவு வேண்டா.

வித்தை காட்டுவோருக்கு அளவுகோல் வேறு. வாழக்குன்னம் நம்பூதிரி கையடக்கத்தில் பெயர்பெற்றவர். பெட்டியும் திரையும் இல்லாமல் விரல்களால் செய்தார் என்பார்கள். இன்று கடையில் வாங்கிய கருவியே வித்தையைச் செய்துவிடுகிறது. வித்தைக்காரர் அதற்கு முன் இசைத்தட்டைப் போட்டு ஆடுகிறார். கழக்கூட்டத்தில் 2014-இல் முதுகாடு அமைத்த மாஜிக் பிளானட்டுக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் வேறுபாட்டை அறிவார்கள். அறியாதவர்கள் பிள்ளைகளைக் கேட்டால் அவர்கள் சொல்லுவார்கள்.

ஆகவே செயலாளரிடம் எம் வேண்டுகோள் இது. இவ்வாண்டு மலரில் பல்சுவைக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். கலைஞரின் பெயர், ஊர், எடுத்துக்கொண்ட நிமிடம், செய்தவை, சிறந்தது, குறைக்க வேண்டியது என்று அந்தக் கீத் மேலாளர்களைப் போல எழுதுவோம். குழந்தைகளுக்கு அதில் நாலு வரி. அவர்கள் சொன்னபடியே, திருத்தாமல். நிகழ்ச்சி நிரலில் பல்குரலைப் பரிசளிப்புக்கு முன் வையுங்கள். உணவுப் பொட்டலம் அதற்குப் பின் வரட்டும். விருந்தினர் தாமதித்தால் ஒலிபெருக்கியில் நாதஸ்வர இசைத்தட்டுப் போடலாம். ஓர் உயிருள்ள கலைஞனை அதற்குப் பயன்படுத்த வேண்டா.

குழித்துறைக் கலைஞரை இவ்வாண்டு அழைக்கக் குழு இசைந்திருக்கிறது. முன்கூட்டியே எம் விமரிசனத்தையும் சொல்லிவிடுகிறோம். நெய்யாற்றின்கரைச் சண்டை இரண்டு நிமிடம் நீளம். அதைக் குறைத்தால் பாறசாலை இன்னும் துலங்கும். பயணச்சீட்டுப் பரிசோதகரை அவர் சற்றுக் கொடியவராகக் காட்டுகிறார். அது எம் துறைப் பற்றினால் தோன்றுவதாகவும் இருக்கலாம், அவையே தீர்மானிக்கட்டும். அவருடைய தொலைபேசி எண் செயலாளரிடம் இருக்கிறது. கரமனை, நேமம் பக்கத்துக் கோயில் உற்சவக் கமிட்டிகளில் இருக்கும் அன்பர்கள் கூட்டம் முடிந்ததும் குறித்துக்கொள்ளலாம்.